பெட்டிக்குள் இருந்த தாள்

நந்தனம் அலுவலகத்தில் புது மென்பொருள் ஏற்றியபோது திரை நிறைய நிபந்தனைகள் வந்தன. "இதையெல்லாம் யாரு படிப்பாங்க? சரின்னு அமுக்குங்க மேடம்," என்றான் பக்கத்து இருக்கைக்காரன். என்னால் முடியவில்லை.

மயிலாப்பூரில் அப்பா கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருந்தார். கள்ளக் காப்பி கூடாது என்று அசல் மென்பொருளையே வாங்கினார். பெட்டிக்குள் இருந்த ஆங்கிலத் தாளை என்னிடம் நீட்டி, "இன்னா போட்டுக்கீது, படிச்சு சொல்லும்மா," என்றார். எனக்குப் பத்து வயது. விளையாடப் போகும் அவசரம். "வாங்குனதுக்கு தேங்க்ஸ் சொல்லிக்கீறாங்கப்பா," என்றேன். அவர் அந்த மென்பொருளைக் கடையிலிருந்த நான்கு கணினிகளிலும் ஏற்றினார்.

சோதனைக்கு வந்த அதிகாரியிடம் பெட்டியைப் பெருமையாகக் காட்டினார். "ஒரிஜினல் சார்!"

"ஒரு மெஷினுக்குத்தான் லைசென்ஸ். தாள்லயே போட்டிருக்கே, படிக்கலையா?"

அப்பா ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு, "எனக்கு இங்கிலீஷ் தெரியாது சார்," என்றார்.

கணினிகளை எடுத்துப்போனார்கள், கடையும் போயிற்று. அப்பா வேறொருவர் கடையில் காகிதம் வெட்டப் போனார். அந்தத் தாளைப் பற்றிச் சாகும்வரை அவர் கேட்கவேயில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது ஒவ்வொரு வரியாகப் படிக்கிறேன். அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.