மஞ்சள் படகுக்குள் போன தண்ணீர்

ஒரு படகுக்குள் தண்ணீர் போயிருக்கிறதா என்பதை அது ஏரியில் உட்கார்ந்திருக்கிற தோரணையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்த மார்கழியில் மஞ்சள் படகு இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பல்வலி வந்தவர் ஒரு கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்வாரே, அப்படி.

படகுத்துறை என்று பெரிசாகச் சொல்லக் கூடாது. செஞ்சிக்கு வெளியே, கோட்டை மலை பின்னால் தெரிகிற ஒரு ஏரி. அதைக் குத்தகைக்கு எடுத்த ஒருவர் மிதிபடகு விட்டார். டிக்கெட் கிழிப்பது, லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது, படகைக் கழுவுவது, ஏதாவது கெட்டால் பார்ப்பது எல்லாமே நான்தான். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தேன். கான்ட்ராக்ட் முடிந்து திரும்பி வந்தபோது கிடைத்த வேலை இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் தெருவில் யாராவது கேட்டால் அம்மா, "போட் இன்ஜினியரா இருக்கான்" என்பாள். நான் திருத்தவில்லை.

ஊர் மேல்சித்தாமூர் பக்கம். பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான். ஆனால் ராத்திரிக் காவலும் என் தலையில் என்பதால் படுக்கை ஷெட்டிலேயே. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வரும். மற்ற நாளில், கோட்டை பார்க்க வந்தவர்கள் யாராவது வழி தவறினாற்போல் இந்தப் பக்கம் வந்தால்தான் உண்டு. காலையில் டீக்கடையில் "ஒரு டீ" என்று சொன்னதற்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் வாயைத் திறக்க வேலையே இல்லாத நாள்கள் இருந்தன. குரல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே குரங்குகளை அதட்டுவேன். அதுகள் திரும்பிக்கூடப் பார்க்காது. கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் எப்போதாவது ஒருத்தன், "கேப்டன், கப்பல் எந்த நாட்டுல இருக்குது?" என்று போடுவான். சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்புவேன். அதோடு முடிந்தது பேச்சு.

வந்தது நாலு படகு. இரண்டு வரும்போதே பெடல் உடைந்து வந்ததால் ஷெட்டில் கிடந்தன. ஏரியில் இருந்தது நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று. முதலாளி ஒருநாள் கார் கதவைத் திறந்து இறங்காமல், உள்ளே இருந்தபடியே மஞ்சள் படகின் சாய்வைப் பார்த்தார். அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. அதனால்தான் அவர் சொன்னது உறைத்தது.

"காணும் பொங்கலுக்கு ரெண்டும் ஓடணும்பா. ஒத்தப் படகை வச்சிக்கினு ஏரியத் தொறந்து வைக்க முடியாது. ஓடலன்னா சொல்லு, லாரி அனுப்பறேன். எல்லாத்தையும் ஏத்திவுட்டுட்டு நீயும் வேற வேலை பாத்துக்க."

சரிண்ணே என்றேன்.

வேறு வேலை கிடைக்காது என்று இல்லை. ஆனால் கிடைக்கிற வரைக்கும் வீட்டில் போய் நிற்க வேண்டும். ஒருமுறை அப்படி நின்றாகிவிட்டது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா சோறு போட்டாள். நைனா நான் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து வெளியே போய்க்கொண்டிருந்தார், நான் கூச்சப்படக் கூடாது என்று. அப்படிக் கேட்காமல் இருந்ததை இன்னொரு தரம் என்னால் தாங்க முடியாது.

மிதிபடகு என்பது, இரண்டு தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து விளிம்பை ஒட்டினாற்போல. மேல் தட்டில் ஆள் உட்கார்வது, கீழ்த்தட்டு தண்ணீரில் இருப்பது. நடுவில் வெறும் காற்று. அந்தக் காற்றுதான் மிதக்கவைக்கிறது. அங்கே தண்ணீர் புகுந்தால் படகு கனத்துச் சாயும். பின்பக்கம் ஒரு அடைப்பு இருக்கும், அதைத் திறந்தால் தண்ணீரை வடித்துவிடலாம்.

சவுக்குக் கட்டைகளை அடியில் போட்டு, புளியமரத்தில் கயிறு சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கு இழுத்தேன். அடைப்பைத் திறந்ததும் கொட்டியது பாருங்கள், நான் டீ வாங்கிவந்து குடித்து முடித்த பிறகும் கொட்டிக்கொண்டிருந்தது. அடைப்பின் வாஷர் மேல் சந்தேகம் வந்தது. மாற்றினேன். மறுபடி சாய்ந்தது. பெடல் தண்டு உள்ளே போகிற இடத்தில் புஷ் வளையம் தேய்ந்திருக்கும் என்று அதையும் மாற்றி, கிரீஸ் அடைத்தேன். மறுபடி சாய்ந்தது. எங்கள் ஏரியின் அடியில் மண்ணைவிடப் பாறை அதிகம். கோட்டை மலையின் பிள்ளைகுட்டிகள் தண்ணீருக்குள்ளும் இருக்கின்றன. அதில் உரசி அடிப்பாகத்தில் கீறல்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் அடைத்தேன். காலையில் படகைத் தண்ணீர் ஊற்றி, தேய்த்துப் பளபளவென்று கழுவிவிட்டுப் பார்த்தால், மறுநாள் மறுபடியும் பல்வலி.

பஞ்சர் கடைக்காரர் செய்வதையே பெரிசாகச் செய்வது என்று கடைசியில் முடிவு செய்தேன். அடைப்பு இருந்த ஓட்டையில் சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றிப் பம்பின் குழாயைச் செருகி, படகின் வயிற்றுக்குள் காற்றடிப்பது. வெளியே சோப்பு நுரை பூசுவது. ஓட்டை இருக்கிற இடத்தில் நுரை குமிழ் விடும். அதற்குப் படகைக் கவிழ்க்க வேண்டும், ஒரு ஆளால் ஆகாது. தூண்டிலோடு போன இரண்டு பேரைக் கூப்பிட்டேன். "இன்னா தம்பி, தோசை திருப்பறியா?" என்று ஒருவர் கேட்டார். "கருகிடப் போவுது பா, பாத்து" என்றார் மற்றவர். மணல் மூட்டைகள் மேல் கவிழ்த்து வைத்துக் கொடுத்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் கேலி பேசிக்கொண்டு நின்றிருக்கலாம் என்று இருந்தது.

அடிப்பாகம் பூராவும் நுரை பூசிக் காற்றடித்தேன். ஒரு குமிழ் இல்லை. ஆனால் பம்பின் கைப்பிடியும் கனக்கவில்லை. ட்யூபுக்குக் காற்றடிக்கும்போது கடைசியில் கை திணறும். இங்கே எவ்வளவு அடித்தாலும் லேசாகவே போய்வந்தது. அப்படியானால் அடித்த காற்று எங்கேயோ போகிறது. அடியில் போகவில்லை என்றால் எங்கே?

உச்சிவேளை. ஏரியில் நாரைகூட இல்லை. அந்த அமைதியில்தான் கேட்டது: நான் ஒரு தடவை அழுத்தினால் படகுக்குக் கீழே யாரோ பெருமூச்சு விட்டார்கள். இன்னொரு தடவை அழுத்தினேன். இன்னொரு பெருமூச்சு. முதலில் கொஞ்சம் பயந்துவிட்டேன். பிறகு மணல் மூட்டைகளுக்கு நடுவில் படகுக்கு அடியில் தவழ்ந்து போனேன்.

உட்காருகிறவர்கள் கால் வைக்கிற பள்ளத்தில் ஒரு ரப்பர் பாய், ஓரங்களில் சட்டத்துக்குள் செருகியபடி இருக்கும். அதைப் பிய்த்தேன். அதற்கு அடியில், காய்ந்த சந்தனத்தில் மூன்று பொட்டு. பொட்டின் மேல் குங்குமம். நடுவில் கறுப்பாக ஒரு வட்டம், பழைய ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு. விரல் வைத்தேன். கருகிய அப்பளம் போலப் பொடிந்து விரல் உள்ளே போனது.

யாரோ அங்கே கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். யார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

ஆயுத பூஜைக்கு நைனா வந்திருந்தார். நான் வேலை பார்க்கிற இடத்துக்கு அதுவரைக்கும் அவர் வந்தது அந்த ஒரு தடவைதான். முதலாளியின் ஆள்கள் கரையில் பூசணிக்காய் உடைத்து, தட்டில் சூடம் காட்டி, பொரி கொடுத்துவிட்டு வேனில் போய்விட்டார்கள். நைனா ஒதுங்கியே நின்றார். அவர் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் டிராக்டர், அடுத்தவர் மோட்டார், அடுத்தவர் மண்வெட்டியோடு வேலை செய்தவர். ஆயுத பூஜை என்றால் அவருக்கு அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று பொரி வாங்கிக்கொண்டு வருவது. கும்பிட அவரிடம் சொந்தமாக ஒன்றும் இருந்ததில்லை. வேன் போனதும் என்னிடம் கேட்டார், "உன் போட்டு எது?" எனக்கென்று எது இருக்கிறது? மஞ்சள் பக்கத்தில் நின்றது, அதைக் காட்டினேன். அப்புறம் நான் லைஃப் ஜாக்கெட்டுகளை எடுத்துவைக்க ஷெட்டுக்குள் போனேன். திரும்பி வந்தபோது அவர் படகுக்குள் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பெடலைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒரு சுற்று வரலாமா என்றதற்கு, எனக்கெதுக்குடா என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

கால் வைக்கிற இடம் என்று மேலே பாயைப் போட்டாரா, கருகியதைப் பார்த்துப் பயந்து மூடினாரா, தெரியாது. அதற்குப் பின் வந்த மழையில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கவே இல்லை. முன்பெல்லாம் மக்கில் மொண்டு ஊற்றுவேன். இந்த வருஷம் அந்த வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். அது மட்டுமா, தினமும் காலையில் படகைக் கழுவுகிறேன் என்று குடம் குடமாக அந்த ஓட்டை வழியாக ஊற்றியதும் நான்தான். ஏரித் தண்ணீர் உள்ளே வரவே இல்லை. மேலே இருந்து போயிருக்கிறது.

புதுச்சேரிக்குப் பஸ் ஏறி துணிபோல இருக்கும் ஃபைபர் மேட்டும் அதை ஒட்டுகிற ரெசினும் வாங்கிவந்தேன். தூண்டில்காரர்களை மறுபடி கூப்பிட்டுப் படகை நிமிர்த்தினேன். முதலில் சந்தனத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வேலை ஒன்றும் கஷ்டமில்லை. பிறகு கருகல் தாண்டி நல்ல ஃபைபர் வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும் உப்புத்தாளால் தேய்த்து, தின்னர் போட்டுத் துடைத்தேன். கொட்டாங்குச்சியில் ரெசினை ஊற்றி, இறுகவைக்கிற மருந்தைக் கலந்தேன். பனிக்காலம், சீக்கிரம் இறுகாது என்று கொஞ்சம் தாராளமாக விட்டேன். பிரஷ்ஷை எடுப்பதற்குள் கொட்டாங்குச்சி கையில் சுட்டது, புகைந்தது, பாகு முற்றியதுபோல் கட்டியாகிவிட்டது. டப்பாவில் எழுதியிருந்ததை மறுபடி உட்கார்ந்து படித்தேன். அடுத்த நாள் வெயில் ஏறினதும் அளவாகக் கலந்து, வட்டமாக வெட்டிய மேட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, காற்று நிற்காமல் பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஒட்டினேன். காய்ந்ததும் தேய்த்து, மஞ்சள் பெயின்ட் அடித்தேன். நிறம் சேரவில்லை. பாய் மூடிவிடும், போகட்டும்.

மறுபடி காற்றடித்தேன். இந்தத் தடவை கைப்பிடி கனத்தது. இன்னொரு தரம் அழுத்தினேன், திணறியது. படகில் இருந்து பெருமூச்சே இல்லை. "ஆச்சு" என்று சத்தமாகச் சொன்னேன். அன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான் போல, தொண்டை கரகரத்தது. யாருக்காவது சொல்லலாம் என்று போனை எடுத்து, குரூப்பைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினேன்.

போகியன்று முதலாளி வந்தார். அவரும் டிரைவரும் ஏறி உட்கார்ந்தார்கள், இருவருமே கனத்த ஆள்கள். ஏரியை ஒரு சுற்று மிதித்துவிட்டு மூச்சு வாங்கக் கரைக்கு வந்ததும், அடைப்பைத் திறக்கச் சொன்னார். ஒரு சொட்டு வரவில்லை. என்னதான் ஆகியிருந்தது என்று கேட்டார். கற்பூரம் என்று சொன்னேன்.

"படகு மேலயா? எவன் ஏத்தனான்?"

"நான்தாண்ணே. ஆயுத பூஜைக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "படிச்சவன்தானடா நீ? ஃபைபர் மேல நெருப்ப வைப்பியா?"

டிரைவர் திரும்பிக்கொண்டு சிரித்தார். முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இனிமேல் சாமியைக் கரையிலேயே வைத்துக் கும்பிடச் சொன்னார். பிறகு, நாற்காலி இரண்டு அனுப்புவதாகவும், வெயில் காலம் வரைக்கும் ஏரியில் தண்ணீர் நிற்கும், அதுவரை ஓட்டலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு கார் போனபின்னும் கொஞ்ச நேரம் காதில் இருந்தது. இருந்தாலும் லாரி வராது.

காணும் பொங்கலன்று ஏரிக்கரையில் கால் வைக்க இடமில்லை. கோட்டையில் இருந்து இறங்கியவர்கள் அப்படியே இங்கே வந்தார்கள். நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று படகை இழுத்துப் பிடிப்பதும், ஏற்றுவதும், தள்ளிவிடுவதுமாக இருந்தேன். ஒரு அம்மா மஞ்சள் படகில் ஒரு காலை வைத்துவிட்டு இன்னொரு காலைக் கரையிலிருந்து எடுக்கமாட்டேன் என்று நின்றபோது, கூட்டத்துக்குப் பின்னால் நைனாவைப் பார்த்தேன். புது வேட்டி. நான் கையைத் தூக்கினேன். அவரும் உள்ளங்கையைக் காட்டினார். இருங்கள் என்று சைகை செய்தேன். அந்த அம்மாவை உட்காரவைத்துத் தள்ளிவிட்டு நிமிர்ந்தால், அவர் நின்ற இடத்தில் வேறு யாரோ பலூன் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

பொழுது சாயும் நேரம் கூட்டம் கலைந்ததும் போன் போட்டேன்.

"ஏன் நைனா போயிட்ட?"

"நீ வேலையா இருந்த. பஸ்ஸும் வந்துடுச்சி." பிறகு, "மஞ்ச போட்டுலதான் எல்லாம் அடிச்சிக்கினு ஏர்றாங்க" என்றார்.

"ஆமா."

"சாப்டியா?"

"சாப்டேன்." சாப்பிடவில்லை. கற்பூரத்தைப் பற்றி வாய் வரைக்கும் வந்தது. "அடுத்த வருசம் பூஜைக்கு வா நைனா. சூடத்தத் தட்டுல வச்சி ஏத்தலாம்" என்றேன்.

அவர் டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"ஏன், போட்டு எதுனா ஆயிடுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ஏரிக்காத்து அணைச்சிடுது, அதான்."

"ஆமாமா, தட்டுலன்னா கைய வச்சி மறைச்சிக்கலாம்" என்றார். அவர் குரல் லேசானது எனக்குக் கேட்டது. அப்புறம் அம்மா கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டார்.

கரை முழுக்கக் கரும்புச் சக்கை. இரண்டு படகையும் இழுத்துக் கட்டினேன். மஞ்சள் படகின் பாயைத் தூக்கி, நாளெல்லாம் தெறித்துப் பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீரை மக்கால் மொண்டு வெளியே ஊற்றினேன். நிறைய இருந்தது.