அவளுடைய முழங்காலுக்காக ஓடியது

என் மனைவியின் இரண்டு முழங்கால்களிலும் எலும்போடு எலும்பு உரசுகிறது என்று திருநெல்வேலி மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது, அவள் படத்தைப் பார்க்கவில்லை. மருத்துவரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுவை சிகிச்சை செய்துகொண்டால் சில மாதங்களில் கோயில் பிராகாரத்தை நடந்தே சுற்றலாம் என்றார் அவர். வெளியே வந்ததும் அவள், "அந்த ஆளு கையைப் பாத்தீங்களா? தச்சன் கை மாதிரி இருக்கு. என் காலை அறுத்துக் கதவா செய்யப் போறாரு?" என்றாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது. ஒன்றரை ஆண்டுகள் நின்றே கிடந்தது.

சங்கரன்கோவிலில் கால்வலிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆடித்தபசுக்குக் கொடியேறிய நாள் தொடங்கி, கோயிலை நூற்றெட்டுச் சுற்று சுற்றுவோம். ஒற்றைக் காலில் நின்று தவம் செய்யும் கோமதி அம்மனின் வலியில் ஒரு பங்கை நம் கால்கள் சுமந்தால், நம் வலியை அவள் வாங்கிக்கொள்வாள் என்பது நம்பிக்கை. திருமணமான ஆண்டிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்தே சுற்றினோம். கடைசி நான்கு ஆண்டுகளாக அவள் ஒரு தூணருகே அமர்ந்துகொண்டாள்; எனக்குரிய சுற்றுகளை முடித்துவிட்டு அவளுக்குரியவற்றையும் நானே சுற்றினேன். மருத்துவரைப் பார்த்த மறு ஆண்டு ஆடியில் நான் அம்மனிடம் முழங்காலைக் குணமாக்கும்படி கேட்கவில்லை. மருத்துவத்துக்குரியதை மருத்துவத்திடம் விட்டுவிட்டேன். அவளுடைய பயம் மட்டும் தீர வேண்டும் என்று கேட்டேன்.

புரட்டாசியில் ஒரு நாள் கோயிலிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது, சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டியைக் காட்டி, "ஏங்க, அதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள். மார்கழியில் அரை மாரத்தான், இருபத்தொரு கிலோமீட்டர், மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று படித்துச் சொன்னேன்.

"வயசானவங்களும் ஓடலாமா?"

"எல்லா வயசும்னுதான் போட்டிருக்கு."

அவள் சிரித்தாள். "அப்ப நீங்க ஓடுங்க. அந்த நேரத்துக்குள்ள ஓடி முடிச்சிட்டு வந்து நில்லுங்க, நான் அந்தத் தச்சன்கிட்ட காலை நீட்டுதேன். முடிக்கலைன்னா ஆபரேஷன்னு இனிமே வாயைத் திறக்கப்படாது."

"சத்தியமா?"

"கோமதி மேல சத்தியம். முப்பத்து நாலு வருசம் ரிஜிஸ்டர் ஆபீஸ் நாற்காலியைத் தேய்ச்ச மனுசன், நீங்க எங்க ஓட!"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அக்கா, வாயைக் குடுத்துட்டீங்க. அண்ணாச்சி முகத்தைப் பாத்தா பேரைக் குடுத்திருவாரு போலிருக்கு" என்றார். மறுநாள் காலையில் பெயரைக் கொடுத்தேன். எனக்கு அப்போது அறுபத்தேழு வயது.

மூன்று மாதங்கள் விடியற்காலையில் ரத வீதிகளைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். கடிகாரம் எனக்குத் தேவைப்படவில்லை. பள்ளி நாளிலிருந்து ஓதிவரும் பதிகங்கள் நெஞ்சில் இருந்தன. பதினொரு பாட்டுள்ள ஒரு பதிகத்தை மூச்சிரைக்காமல் முடித்தால் ஒரு சுற்று முடியும். முதலில் நான்கு பதிகங்கள், பிறகு எட்டு, பிறகு பதினைந்து. எப்போதும் இறைவன் வலக்கைப் பக்கம் இருக்கும்படியே ஓடினேன். வேறு விதமாக ஓடலாம் என்ற நினைவே எனக்குத் தோன்றியதில்லை.

போட்டிக்கு ஒரு மாதம் முன்பு பாதையின் வரைபடத்தைத் தந்தார்கள். ஊருக்கு வெளியே உள்ள மைதானத்தில் புறப்பட்டு, கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் சென்று திரும்பி, கடைசியாக ரத வீதிகளை ஒரு சுற்றுச் சுற்றி, அதே மைதானத்தில் முடிக்க வேண்டும். அந்தச் சுற்றின் அம்புக்குறி இடமாகப் போயிற்று. கேட்டால், ஒருவழிப் பாதை, காவல்துறை அப்படித்தான் அனுமதித்தது என்றார்கள். கோயிலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு சுற்றுவதா? நான் இரண்டு நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் எனக்கு நெடுநாள் பழக்கமான குருக்களிடம் போய்க் கேட்டேன். அவர் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே, "கும்பிடறச்சே வலமா வாங்கோ. ஓடறச்சே போலீஸ்காரர் சொல்ற பக்கம் ஓடுங்கோ. ஸ்வாமிக்கு ரெண்டும் தெரியும்" என்றார். மனம் சமாதானமாயிற்று. கால்களை நான் கேட்கவில்லை.

போட்டி நாளன்று மூன்றாவது நாளாக மழை. கடலில் எங்கோ நின்ற காற்றழுத்தத் தாழ்வு, வெயிலுக்கே பழகிய எங்கள் கரிசல் காட்டை நனைத்துக் குளிரவைத்திருந்தது. பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. புறப்படும்போது என் மனைவி நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "இப்பவும் வேண்டாம்னு சொல்லுங்க. இந்த மழையில ஓடலைன்னா தோத்ததா நான் நினைக்க மாட்டேன்" என்றாள். என்னைக் குறித்த கவலை அதில் இருந்தது. நான் வென்றுவிடுவேனோ என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்தைப் பார்த்த பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

ஐந்தரை மணிக்கு ஓட்டம் தொடங்கியது. வடகிழக்குக் காற்று மழையை ஊசிகளாக்கி முகத்தில் எறிந்தது. இரண்டாம் கிலோமீட்டரிலேயே காலணிகள் தண்ணீர் குடித்து, பாதத்தில் இரண்டு செம்புகளைக் கட்டியதுபோலக் கனத்தன. ஐந்தாம் கிலோமீட்டரில் விரல்கள் மடங்க மறுத்தன. சாலையின் தாழ்ந்த இடங்களில் வயல் தண்ணீர் குறுக்கே ஓடியது. கணுக்கால் வரை அதில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் குளிர் முதுகெலும்பைத் தொட்டுவிட்டுப் போயிற்று. கரிவலத்துக்கு முந்திய தேநீர்க் கடையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்ற ஒருவர், "ஏலே, பெருசு ஓடுதாரு பாரு! அண்ணாச்சி, பஸ் வருது, ஏறிக்கிடுங்க!" என்று கத்தினார். கடையே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், உதடுகள் ஒத்துழைக்கவில்லை.

அதன் பிறகுதான் நான் எதிர்பாராத ஒன்று நேர்ந்தது. அறுபது ஆண்டுகளாக ஓதிவந்த பதிகத்தின் நான்காம் பாட்டு வரவில்லை. மூன்றாம் பாட்டை முடித்தேன். அடுத்த சொல் இல்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். அதே இடத்தில் மீண்டும் இருட்டு. பாட்டு நின்றதும் கால்களும் நின்றுவிட்டன. மழையில் சாலை நடுவே நின்றுகொண்டிருந்தேன்.

பின்னால் வந்தவர் என் தோளைத் தொட்டார். கடையநல்லூர்க்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர், துபாயிலிருந்து திரும்பி ஊரில் துணிக்கடை வைத்திருப்பதாகப் பிறகு சொன்னார். "நிக்காதீங்க அண்ணாச்சி. நின்னா விறைச்சுப் போகும். பதினாலு வருசம் துபாயில நான் ஏசி மெக்கானிக்கு. இந்த அளவுக்குக் குளுத்துத மெசினை நான் பாத்ததே இல்ல."

"பாட்டு மறந்துட்டு" என்றேன். அதை ஒரு விபத்தைச் சொல்வதுபோலச் சொல்லியிருப்பேன் போலும், அவர் சிரிக்கவில்லை.

"அது வரும்போது வரட்டும். அதுவரைக்கும் என்கூட வாங்க."

அவர் தாழ்ந்த குரலில் இறைவனைத் துதிக்கும் சொற்களைச் சீராகச் சொல்லிக்கொண்டு ஓடினார். அந்தச் சீரில் என் காலடிகள் விழுந்தன. கரிவலத்து எல்லையில் திரும்பியதும் காற்று முதுகுப் பக்கமானது. ஏதோ ஒரு பாலத்தைக் கடக்கும்போது, தேடாமலே நான்காம் பாட்டு வந்தது. அது வந்த மகிழ்ச்சியில் நான் வாய்விட்டே ஓதிவிட்டேன். "மாஷா அல்லாஹ், வண்டி ஸ்டார்ட் ஆயிட்டு" என்றார் அவர். பதினேழாம் கிலோமீட்டரில் அவரை முன்னால் போகச் சொன்னேன். "கிரவுண்டுல நிக்கேன். உங்களைப் பாக்காம வீட்டுக்குப் போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டு மழைக்குள் மறைந்தார்.

கோயிலின் வடகிழக்கு மூலைக்கு நான் வந்தபோது இன்னும் பதினெட்டு நிமிடங்கள் மிச்சம் என்று அங்கிருந்த காவலர் சொன்னார். ஒரு சுற்று, அதன் பிறகு மைதானத்துக்குக் கொஞ்ச தூரம். வேகமாக நடந்தாலே போதும். அவளுடைய முழங்கால்கள் பிழைத்துவிட்டன என்று எண்ணினேன். தலையை உயர்த்தினேன். மழைப் புகைக்குள் ராஜகோபுரம் தெரிந்தது. இரண்டு கைகளும் தாமாகக் குவிந்தன. அடுத்த பதிகத்தைத் தொடங்கினேன்.

கீழ ரத வீதியில் ஓடும்போது அன்று முதன்முறையாக எனக்கு வலி தெரியவில்லை. தெற்கு ரத வீதிக்குள் திரும்பினேன். எதிரே இரண்டு பேர் ஓடிவந்தார்கள். பாவம், குளிரில் புத்தி மயங்கி வழி தவறிவிட்டார்கள் என்று இரக்கப்பட்டேன். அவர்களில் ஒருவர், "பெரியவரே, எதுக்க வாரீங்க!" என்று கத்தியபடி கடந்துபோனார். நீங்கள்தான் எதிரே வருகிறீர்கள் என்று சொல்ல வாயெடுத்தபோது, கோயில் என் வலக்கைப் பக்கம் இருப்பதைக் கண்டேன்.

அந்த வீதியின் நடுவில்தான், சுற்றுகிறவர்கள் அடையாளமாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டிய மஞ்சள் பட்டையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மழைச் சட்டை அணிந்த ஒரு கல்லூரிப் பெண் ஓடிவந்தாள். "தாத்தா, ரிவர்ஸ்ல வந்துட்டீங்களே! நீங்க அந்த முக்குல வலது பக்கம் திரும்பியிருக்கணும்." பிறகு என் நிலையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "சரி விடுங்க, பட்டையைப் பிடிங்க. இப்படியே சுத்திப் போனாலும் தூரம் ஒண்ணுதான். யாரு கேக்கப் போறா?"

தூரம் ஒன்றுதான். உண்மை. கையை நீட்டவும் செய்தேன். ஆனால் விதி ஒரு திசையைச் சொல்லியிருந்தது. எனக்கும் அவளுக்கும் நடந்த பந்தயம் அம்மனின் பெயரால் நடந்தது. சலுகையாக வாங்கிய பட்டையைக் காட்டி அவளைக் கத்தியின் கீழ்ப் படுக்கவைத்தால், அறுவை அறையின் கதவுக்கு வெளியே நிற்கும் நேரத்தில் என் நெஞ்சு என்னைச் சும்மா விடாது. "திரும்பி வந்து வாங்கிக்கிடுதேன் தாயி" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே வடகிழக்கு மூலைக்குத் திரும்பினேன். நேரம் போதாது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

இறைவனை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு ஓடிய அந்தச் சுற்றில் நான் பதிகம் ஓதவில்லை. முதலில் வடக்கு வீதி, பிறகு மேற்கு வீதி. ஐம்பது ஆண்டுகளாக அறிந்த வீதிகள் பின்னாலிருந்து முன்னாகத் திறந்தன. பூக்கடைகள் வேறு வரிசையில் வந்தன. கோபுரம் நான் பழகாத பக்கத்திலிருந்து நகர்ந்தது. பயந்ததுபோல ஒன்றும் நடக்கவில்லை. கோயில் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தப் பெண் இரண்டு கைகளாலும் பட்டையை என் மணிக்கட்டில் கட்டிவிட்டாள்.

மைதானத்தை அடைந்தபோது காற்றடைத்த முடிவு வளைவைக் காற்றிறக்கித் தரையில் படுக்கவைத்திருந்தார்கள். நேரம் காட்டும் பலகையை உறையிட்டுக்கொண்டிருந்தவர், "எட்டு நிமிசம் லேட்டு அண்ணாச்சி" என்றார், மன்னிப்புக் கேட்பவர்போல. கடையநல்லூர்க்காரர் சொன்னபடி நின்றுகொண்டிருந்தார்.

மைதானத்தின் மறு ஓரத்தில் ஓர் ஆட்டோ நின்றது. என் மனைவி அதிலிருந்து இறங்கினாள். கையில் துவாலை. சேற்றில் ஊன்றுகோலை ஊன்றி, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஊன்றி வந்தாள். நான் எதிரே போக முயன்றேன், கால்கள் அசையவில்லை. வந்து சேர்ந்து துவாலையை என் தலையில் போட்டாள்.

"எத்தனை நிமிசம்?"

"எட்டு."

"கூடவா, குறையவா?"

"கூட."

"அப்ப நான் ஜெயிச்சுட்டேன்."

"ஜெயிச்சுட்டே."

கடையநல்லூர்க்காரருக்கு எங்கள் பந்தயம் தெரியாது. இருந்தாலும் எனக்காகப் பேசினார். "அக்கா, அண்ணாச்சி ஒரு சுத்து கூடுதலா ஓடியிருக்காருன்னு சொல்லுதாங்க."

"எனக்குச் சொல்லணுமா? தெற்கு ரத வீதி முக்குல ஆட்டோவை நிப்பாட்டிப் பாத்துக்கிட்டுல்லா இருந்தேன்! அத்தனை பேரும் ஒரு பக்கமா ஓடுதாங்க, இவரு மட்டும் கும்பிட்ட கையோட சாமிக்கு வலம் வாராரு. நான் சிரிச்ச சிரிப்புல ஆட்டோக்காரரு பயந்துட்டாரு." சொல்லும்போதே மீண்டும் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அந்தப் பிள்ளை பட்டையை நீட்டுனதையும் பாத்தேன்."

நான் துவாலையால் முகத்தைத் துடைத்தேன்.

"ஜெயிச்சவ சொல்லுததைக் கேக்கணும்லா?"

"கேக்கேன். இனிமே ஆபரேஷன்னு வாயைத் திறக்கலை."

"நீங்க திறக்காண்டாம். நான் திறக்கேன். ஆட்டோவுல இருந்து இங்கன வாரதுக்குள்ள நாலு தடவை நின்னுட்டேன். இருபத்தொரு கிலோமீட்டரை நீங்க இந்த மழையில முடிச்சிட்டீங்க, எனக்கு இந்த மைதானம் முடியலை." ஊன்றுகோலைச் சேற்றிலிருந்து பிடுங்கிச் சற்றுத் தள்ளி ஊன்றினாள். "திங்கக்கிழமை அந்தத் தச்சன் இருப்பாரான்னு போன் போட்டுக் கேளுங்க. பந்தயத்துக்காக இல்ல. நானாத்தான் வாரேன்."

தை மாதத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் காலையில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் வந்து, நான்கு கால் கொண்ட சட்டகத்தைப் பிடிக்கச் செய்து அவளை எழுப்பி நிறுத்தினாள். ஆறு அடி போதும் என்றாள். என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வைத்தாள். நான் சுவரோரம் நின்றேன். ஆறாவது அடியில் அவள் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"நாளைக்கு வைக்கலாம்மா."

"நாளைக்குள்ளதை நாளைக்கு வைக்கேன்" என்று சொல்லி, வலது காலைத் தூக்கி முன்னால் வைத்தாள்.