காய்ச்சல் காட்டாத நெஞ்சு

குமராட்சி மணவாளனுக்குப் பிறந்தது மூன்று. நடுவில் ஒன்று பாலகனாகவே போய்விட, மூத்தவள் தங்கம்மாளும் கடைக்குட்டி சபாபதியும்தான் மிஞ்சினார்கள். கட்டிக்கொடுத்த நாலாம் வருஷமே தாலியறுத்துப் பிறந்த ஊருக்கு வந்து சேர்ந்தவள் தங்கம்மாள். அதன்பிறகு சொந்தத்தில் யார் படுத்தாலும் துணைக்கு அவள்தான். பெரியப்பா, பெரியப்பாவின் மச்சினன், சின்ன அத்தை, அத்தையின் மாமனார் என்று ஏழு பேருக்குக் கடைசி மூச்சு வரை வாய் நனைத்தவள். வாய் காய்ந்து ஒருத்தர் கிடந்தால் அவளுக்குப் பொறுக்காது. "தங்கம் வந்துட்டாளா? அப்ப ஆளு தேறாது" என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்களும் இருந்தார்கள். அவள் காதிலும் அது விழுந்துதான் இருந்தது.

தம்பி சபாபதி மஞ்சக்குப்பத்தில் குடியிருந்துகொண்டு அரிசி மில்லில் மூட்டை தூக்கினான். இருபது வருஷத் தவிட்டுத் தூசி நெஞ்சில் தங்கி வீசிங் ஆகிவிட்டது. போன ஐப்பசி அடைமழையில் அது முற்றி, உதடு நீலம் பாரித்து, ஆம்புலன்சில் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு மூச்சு மெஷினில் போட்டார்கள். தங்கம்மாள் மினிபஸ் பிடித்து வந்து, தம்பி பெண்டாட்டி புஷ்பவள்ளியோடு ஐ.சி.யூ. வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

டாக்டர் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னார். "உள்ள வீக்கம் வத்துறதுக்கு ஸ்டீராய்டு போடுறோம். மூச்சு திறக்கும். ஆனா உடம்புல இருக்குற காவலையும் அது கொஞ்சம் தூங்க வச்சிரும். குழாய் போட்டவங்களுக்கு நுரையீரல்ல கிருமி பூந்துக்கிறது உண்டு. இந்த மருந்துல அது காய்ச்சலா வெளிய தெரியாமலே போவலாம். வாயில ஒரு சொட்டு எதுவும் வைக்காதீங்க. எது நடந்தாலும் மறைக்காம சொல்லுங்க."

இருவரும் தலையாட்டினார்கள்.

மூன்றாம் நாள் பார்வை நேரம். ஒரு தடவைக்கு ஒருத்தர்தான் உள்ளே போகலாம், ஐந்து நிமிஷம். தம்பியின் உதடு வெடித்து, நாக்கு ஓலை மாதிரி காய்ந்து கிடந்ததைத் தங்கம்மாள் பார்த்தாள். சபாபதிக்கு நீராகாரம் இல்லாமல் பொழுது விடியாது. அவள் மடியில் ஒரு சின்ன பாட்டிலில் அது இருந்தது. நர்ஸ் இளமதி அடுத்த கட்டிலுக்குத் திரும்பிய நேரம், முந்தானை நுனியை அதில் நனைத்துக் குழாய் ஓரமாகப் பிழிந்தாள். மூன்று சொட்டோ, நாலு சொட்டோ. சபாபதியின் நெஞ்சு ஒருதரம் எகிறியது. மெஷின் கத்தியது. இளமதி ஓடிவந்து குழாயைச் சரிபார்த்தாள்.

"இருமுறாரும்மா, பயப்படாதீங்க" என்றாள். தங்கம்மாள் பாட்டிலை மடிக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஐந்தாம் நாள் புஷ்பவள்ளி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"காய்ச்சல் இல்லியாம் அண்ணி! மெஷினைக் கொறைச்சிட்டாங்களாம். நாளைக்குக் குழாயை எடுத்துடலாம்னு சொல்றாங்க. எழுந்ததும் உங்க தம்பி என்னா கேப்பாரு தெரியுமா? பீடி!"

"கேக்கட்டும், வாயில சூடு வைக்கிறேன்" என்று தங்கம்மாளும் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

இளமதி அப்போதுதான் சளி உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கண்ணாடி மாதிரி இருந்த அந்த டியூபில் ஏறிவந்தது மஞ்சள். மஞ்சளுக்குள் பச்சை. ஒரு வாடை. சின்ன அத்தை போவதற்கு ரெண்டு நாள் முன்னே அவளுடைய குச்சு வீட்டில் அடித்த அதே வாடை. தம்பி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சியில்தான் அவளுக்கு டாக்டர் சொன்னது முழுக்க நினைவுக்கு வந்தது.

சொன்னால் சொந்தம் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். கூடப் பிறந்தவனையும் இவளே அனுப்பிவைத்தாள் என்று சாகிற வரைக்கும் சொல்லும். சொல்லாவிட்டால் நாளைக்குக் குழாயை எடுத்துவிடுவார்கள்.

வெளியே வந்து, புஷ்பவள்ளி நீட்டிய இட்லிப் பொட்டலத்தை வாங்காமல் நின்றாள்.

"புஷ்பா, நான் ஒண்ணு செஞ்சிட்டேன். முந்தாநேத்து அவன் வாயில நீராகாரம் புழிஞ்சேன்."

புஷ்பவள்ளிக்கு முகம் செத்துப்போயிற்று. "ஏழு பேருக்கு ஊத்துனது பத்தலியா அண்ணி உங்களுக்கு?"

தங்கம்மாள் ஐ.சி.யூ. கதவைத் தட்டி, இளமதியிடம் அதையே சொன்னாள். டாக்டரிடம் திரும்பவும் சொன்னாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வலது நுரையீரலின் அடிப்பக்கம் வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"உங்களாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாதும்மா. குழாயால வரும், மருந்தாலயும் வரும்" என்றார் டாக்டர். "ஆனா காய்ச்சல் இல்லேன்னு நாங்களும் கொஞ்சம் அசந்துதான் இருந்தோம். நாளைக்குக் குழாயை எடுத்திருந்தா ஆபத்தாப் போயிருக்கும். இப்பவே கிருமிக்கு மருந்து ஆரம்பிச்சிடுறோம்."

"அந்த ஸ்டீராய்டை நிறுத்திடுங்க சார்" என்று புஷ்பவள்ளி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சட்டுனு நிறுத்தினா மூச்சு திரும்ப அடைச்சுக்கும். கொறைச்சுக் கொறைச்சுத்தான் வரணும்."

அன்றைக்குப் புஷ்பவள்ளி சொல்லிவிட்டாள், "இனிமே நீங்க உள்ள போவக்கூடாது அண்ணி" என்று. தங்கம்மாள் அந்தப் பேச்சைத் தட்டவில்லை. ஊருக்கும் போகவில்லை. பெஞ்சின் ஒரு கோடியிலேயே கிடந்தாள். மறுகோடியில் புஷ்பவள்ளி, நடுவில் துணிப்பை. நாலு நாள் அப்படியே கழிந்தது.

ஒன்பதாம் நாள் பார்வை நேரம் முடிந்து புஷ்பவள்ளி வந்தாள். துணிப்பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்தாள்.

"காய்ச்சல் இல்லியாம்."

"சளி?"

"அப்படியேதான் இருக்குது அண்ணி."

தங்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே மெஷின் அவனுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.