நான்காவது முனியறை

தொல்லியல் என்பது, இறந்தவர்களின் வீட்டுக்குள் அவர்களைக் கேட்காமல் நுழையும் தொழில். பல்கலைக்கழகத்தில் இதற்கு நாகரிகமான பெயர் சூட்டிப் பட்டமும் கொடுத்துவிடுகிறார்கள். மண்டியிட்டே முழங்கால் தேய்ந்த சக தொழிலாளர்களே, பிற துறைகளோடு கைகோத்துப் பணியாற்றும்படி கருத்தரங்குதோறும் நமக்கு அறிவுரை கூறுகிறார்கள் அல்லவா? அந்தக் கைகள் எப்படிப்பட்டவை என்பதைச் சின்னக்கானல் தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே ஒரு சரிவில் நான் தெரிந்துகொண்டேன்.

மழைக்கு முன்

அந்தச் சரிவில் நான்கு முனியறைகள் இருந்தன. சுற்றிலும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கவிழ்த்து மூடிய பழங்காலத்து ஈமச் சின்னங்கள். கீழே ஒரு சொகுசு விடுதிக்குப் பாதை போடுவதற்காக மலையின் அடியை அரிந்திருந்தார்கள். சரிவு தாங்குமா என்று பார்க்க வந்த நிலவியலாளர் சித்தூர்க்காரர். விரிசலுக்குள் ஒரு கம்பியை விட்டார். அது முழுவதும் உள்ளே போயிற்று. ஆய்வுத் திட்டம், முறையான ஆவணப்படுத்தல் என்று நான் தொடங்கியதை அவர் முடிக்கவிடவில்லை.

"வரலாற அப்புறமா எழுதிக்கலாமுங்க மேடம், மழைக்கு முன்னால தோண்டிப் போடுங்க."

எட்டிப் பார்த்தவர்

மண் சலிக்க வந்த பேச்சியம்மாள், கொளுந்து கிள்ளி ஓய்வு பெற்றவர். ஒவ்வோர் அறையின் மூடுகல்லை நகர்த்தும்போதும் வந்து எட்டிப் பார்ப்பார். காரணத்தை முதல் வாரமே என்னிடம் சொல்லிவிட்டார். அவருடைய சிறு மகள் ஓர் அடைமழைக் காலத்தில் காய்ச்சலில் இறந்தாள். மயானத்துக்குப் போகும் வழியை மண் சரிந்து மூடியிருந்ததால், கணவர் குழந்தையை இங்கே ஒரு முனியறைக்குள் புதைத்தார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், பெண்கள் புதைக்கும் இடத்துக்குப் போகும் வழக்கம் இல்லை. எந்த அறை என்று கணவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை, பிறகு சொல்வதற்கு அவரும் இல்லை. இடம் தெரிந்தால் ஒரு விளக்கு ஏற்றலாம் என்பதற்காகவே பேச்சியம்மாள் வேலைக்கு வந்திருந்தார்.

அண்மைக்கால எலும்பு கிடைத்தால் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்று அவரை எச்சரித்தேன். "இத்தன மழைக்கு எலும்பு எங்க டீச்சர் இருக்கப்போகுது?" என்றார். அமிலத்தன்மை மிகுந்த இந்த மலைமண் எலும்பைக் கரைத்துவிடும் என்றுதான் நானும் படித்திருந்தேன்.

முதல் இரண்டு அறைகளிலும் கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளே கிடைத்தன. உடன் சலித்த ரோசம்மா சீண்டினாள்: "என்னக்கா, உள்ள மாப்பிள்ள எவனும் இருக்கானான்னு பாக்குறியா?" பேச்சியம்மாள் சல்லடையை நிறுத்தவில்லை.

"ஆமாடி, ஒனக்குத்தான். வயசு ரெண்டாயிரத்துக்கு மேல. குடிக்க மாட்டான், அடிக்கவும் மாட்டான்."

புல்தரை

மூன்றாவது அறையிலும் ஓடுகளைத் தவிர வேறெதுவும் கிடைக்காத அன்று, விடுதி மேலாளர் பழச்சாற்றுடன் ஏறி வந்தார். மரபின் மீது தமக்கிருந்த பற்றை விரிவாக எடுத்துரைத்தார். பிறகு, மிச்சமிருந்த நான்காவது முனியறையைக் காலால் தட்டிப் பார்த்து, பெயர்த்துக் கொண்டுபோக எத்தனை ஆள் வேண்டும் என்றார். அது ஒரு கல்லறை என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப ரொம்ப நல்லது மேடம்! புல்தரையில வச்சு லைட் போட்டுட்டா, கெஸ்ட்டெல்லாம் செல்ஃபி எடுத்துக்குவாங்க."

புதிதும் பழையதும்

நான்காவது அறையின் மேல்மண்ணைப் பேச்சியம்மாளே சலித்தார். முதலில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வளையல் வந்தது, குழந்தைக் கைக்கானது. அடுத்து ஒரு பால்பல். மூடுகல்லின் அடியில் மழை புகவில்லை; மண் கரைக்கவுமில்லை. அவர் சல்லடையைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையால் தலையை மூடிக்கொண்டார். "அங்கனயே வச்சு மூடிருங்க டீச்சர்" என்றார். நான் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். வேறு வழி இல்லை என்பது உண்மை, அதில் ஆறுதல் எதுவும் இல்லை.

தடயவியல் மருத்துவர் மறுநாள் வந்தார். சந்தேக மரணம் அல்ல என்று பார்த்தவுடனே அவருக்கும் தெரிந்தது. ஆனாலும் எலும்புகளை உறையிலிட்டு, அரக்கு வைத்து, கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"உங்களுக்கு இது ரொம்பப் புதுசு, எனக்கு ரொம்பப் பழசு. ரெண்டு பேருக்குமே வேண்டாத கேஸ் மேடம் இது."

விளக்கு

எலும்புகள் ஆய்வகத்துக்குப் போயின. குழந்தையின் இறப்பு எங்கும் பதிவாகவில்லை. ஆகவே எலும்பைத் திருப்பித் தர, தாய்தான் தாய் என்பதை மரபணு சொல்ல வேண்டும் என்றார்கள். பேச்சியம்மாள் ரத்தம் கொடுத்தார். மரபணு இன்றுவரை வாய் திறக்கவில்லை.

மழை வந்தது, கொட்டித் தீர்த்தது. எதற்குப் பயந்து அவசரமாகத் தோண்டினோமோ அந்தச் சரிவு ஓர் அங்குலம் அசையவில்லை. மழை விட்டதும் நான் மேலே போனபோது, பேச்சியம்மாள் நான்காவது முனியறையின் முன் நின்றிருந்தார். கையில் அகல் இருந்தது, எண்ணெய் இருந்தது. ஏற்றவில்லை. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருக்கலாம்.

"இத்தன வருசமா எடம் தெரியாது, புள்ள இருந்தா. இப்ப எடம் தெரியுது டீச்சர், புள்ளதான் இல்ல."

பல துறைகள் கூடிச் செய்த இந்த ஆய்வில், சரிவு நிலவியலுக்கு, பானை ஓடு எனக்கு, எலும்பு சட்டத்துக்கு, வெறுங்குழி தாய்க்கு என்று பங்கீடு மட்டும் குறையின்றி நடந்தேறியது.