பல்லுக்கொதி என்று சொன்ன பயணம்

போன வருடம் ஆவணி மாதம், வேலணையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் நடந்தது இது.

என் கணவருக்கு ஆபிரிக்க நாடொன்றில் வேலை கிடைத்திருந்தது. எங்கள் பக்கத்தில் வெளிநாடு போவதைப் பற்றி, போய் இறங்கும்வரை ஒருவரிடமும் மூச்சுவிட மாட்டார்கள். கண்ணூறு பட்டு எல்லாம் குழம்பிவிடுமாம். மஞ்சள் காய்ச்சல் ஊசி போடாவிட்டால் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் அதை மட்டும் கொழும்பில் போட்டுக்கொண்டார். மலேரியா வராமலிருக்க விழுங்கும் குளிசையும் கட்டாயம் எடுக்கவேண்டும், புறப்படுவதற்கு முன்பே தொடங்கவேண்டும் என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்திலேயே அதை வாங்கலாம். ஆனால் குளிசை கொடுக்கும் அலுவலகத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வேலை செய்கிறார். அவருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று இவரின் தாய், என் மாமி, தடுத்துவிட்டார். "நுளம்புக்கடி எங்களுக்கென்ன புதுசே?" என்று இவரும் ஒத்து ஊதினார். நான் கத்தியதெல்லாம் வீண்.

அன்று பயணப் பெட்டி வாங்கத்தான் பஸ் ஏறினோம். பக்கத்து வீட்டு அக்கா முன் இருக்கையிலிருந்து திரும்பி, "என்ன, ரெண்டு பேருமாய் வெளிக்கிட்டிட்டியள்?" என்றார்.

"பல்லுக்கொதி அக்கா, மருந்தெடுக்கப் போறம்" என்று இவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ! "பல்லுமில்லை ஒண்டுமில்லை! இவர் ஆபிரிக்காவுக்குப் போறார். மலேரியாக் குளிசை எடுக்கமாட்டாராம். கண்ணூறு படுமாம்!"

பஸ்ஸில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா எழுந்து எங்களிடம் வந்தார். "தம்பி, குளிசையை எடும். என்ரை மகனும் அங்கை போய் மலேரியாவோடைதான் வந்தவன். நினைவில்லாமல் கிடந்து தப்பினவன்" என்றார், மெல்லிய குரலில்.

அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தது எங்களுக்குத் தெரியும். கண்ணெல்லாம் மஞ்சளாகும் செங்கமாரி என்றுதான் சொன்னார்கள். அதை நம்பி வளவெல்லாம் தேடிக் கீழ்க்காய்நெல்லி பிடுங்கிக் கொடுத்தவள் நான்!

"அப்பவே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அக்கா?" என்று பாய்ந்தேன்.

"நீங்கள் போறதெண்டு எனக்குச் சொன்னனீங்களே?"

பஸ்ஸை விட்டு இறங்கியதும், இவர் பெட்டி வாங்குவதை விட்டுவிட்டு நேரே அந்த அலுவலகத்துக்குப் போய், அந்த ஊர்க்காரரிடமே கேட்டுக் குளிசை வாங்கினார்.

இப்போது அங்கே நலமாக இருக்கிறார். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை செத்துப் பிழைத்திருக்க, இந்தப் பக்கத்திலிருந்து இன்னோர் உயிரை வெறுமனே அனுப்பப் பார்த்தோமே என்று நினைக்கும்போதெல்லாம், கண்ணூறு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.