பிராசஸருக்கும் போர்டுக்கும் பூக் கேட்ட கதை

நான் விளையாடும் கேமில் ஓர் ஆறு வரும். நிலா வெளிச்சத்தில் படகு விட்டால், பாதியில் திணறி நின்றுவிடும். பழைய கம்ப்யூட்டர்.

புது பிராசஸரும் மதர்போர்டும் போட்டால் சரியாகும் என்று வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். எதை வாங்குவது என்றுதான் முடிவாகவில்லை.

காலையில் அம்மன் முன் பூக் கேட்டேன். வெள்ளைப் பூ வந்தால் ஒரு மாடல், சிவப்பு வந்தால் இன்னொன்று என்று நினைத்து, கண்ணை மூடிப் பூப் பொட்டலம் எடுத்தேன். முதலில் பிராசஸருக்கு, பிறகு போர்டுக்கு.

தருமபுரி கம்ப்யூட்டர் கடையில் இரண்டையும் கேட்டதும் கடைக்கார பாய் சிரித்துவிட்டார்.

“அக்கா, இந்த பிராசஸர் அந்த போர்டுல உக்காராதுங்க.”

“அய்யோ பாய், ரெண்டுமே ஆத்தா உத்தரவுங்க! எதை மீறுறது?”

“தனித்தனியா கேட்டா தனித்தனியாத்தானுங்க சொல்லுவாங்க. மொதல்ல எதைக் கேட்டீங்க?”

“பிராசஸரை.”

“அதையே எடுங்க. ஏத்த போர்டு நான் தர்றேன். ஆத்தா கேட்டா, பாய் சொன்னார்னு சொல்லிருங்க.”

நான் கொண்டுபோயிருந்த கம்ப்யூட்டரில் அங்கேயே மாட்டிக் கொடுத்தார்.

மாலையில் விளக்கேற்றி, அம்மனிடம் அப்படியே சொல்லிவிட்டுப் படகை எடுத்தேன். ஆறு நிற்கவே இல்லை. நிலா தண்ணீருக்குள் கூடவே வந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் “சோறு ஆச்சா?” என்று கேட்ட பிறகுதான் கரை வந்தது.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. பூக் கேட்கவா, பாயைக் கேட்கவா?