ராணி நிற்கும்போது படலை திறக்க முடியாது

இணையத்தில் சதுரங்கம் ஆடுவது தனிமையில் செய்கிற தொழில் என்று சொல்கிறவர்கள், மானிப்பாயில் ஒழுங்கை என்கிற ஒரு சின்னத் தெருவுக்குள் இருந்து ஆடிப் பார்க்காதவர்கள்.

நான் பார்த்துவிட்டேன். கல்லூரியில் இலக்கியம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். மகளிர் கன்டிடேட் மாஸ்டர் என்ற பட்டத்தை ஐம்பது தாண்டிய பிறகு, மூத்தோருக்கான போட்டி ஒன்றில் வாங்கினேன். பட்டங்களின் ஏணியில் அது ஆகக் கீழ்ப்படி. ஆனாலும் நிலத்தைவிட உயரம். என் கணவர் இருந்தவரை அவரோடு மரப்பலகையில் ஆடினேன். இவர் போன பிறகு அந்தக் காய்களை அடுக்கி வைக்க மனம் வரவில்லை. எதிரில் ஒரு கதிரை வெறுமையாகக் கிடக்காத இடமாகப் பார்த்து மடிக்கணினிக்கு மாறினேன்.

புலம்பெயர்ந்த எங்கள் பிள்ளைகள் ஊர்ச் சங்கங்களுக்கு இடையில் ஒரு இணையப் போட்டி நடத்துகிறார்கள். ஒவ்வோர் அணியிலும் நான்காம் பலகை பெண்ணுக்கு. எங்கள் அணியில் அது எனக்கு. ஞாயிறு பின்னேரம் ஐந்தரைக்கு, கனடாவில் காலை எட்டுக்கு, ஆட்டம் தொடங்கும். வாரத்தில் ஒரு பொழுது எங்கோ ஒரு கடிகாரம் எனக்காக ஓடுகிறது. என் வயதில் அது சின்ன விஷயமில்லை. அந்தப் பலகைக்கு லண்டனில் ஒரு பெண் பல் வைத்தியர் காத்திருக்கிறார் என்று அணித்தலைவர் கஜன் சொன்ன நாளிலிருந்து நான் பட்ட பாட்டை, இதே பாடு படுகிற உங்களுக்குச் சொல்லத்தானே வேண்டும்?

பெயருக்கு முன்னால் மூன்று எழுத்து

பட்டம் பெற்றவர்களின் பெயருக்கு முன்னால் தளத்தில் மூன்று ஆங்கில எழுத்துகள் மின்னும். முதல் எழுத்தைப் பார்த்தவுடன் ஆடுவது பெண் என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும். நான் வைத்திருக்கிற பெயர் மல்லிகை. இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்; அகப்பாடல்களில் காதலுக்குத் தூது போகிற தோழியின் வேலையெல்லாம் படிப்பித்தவள்தானே.

ஒருநாள் பயிற்சி ஆட்டத்தில் ஒரு பையன், குதிரையைப் பறிகொடுத்த கையோடு தமிழில் எழுதினான்: "உங்கள் ஆட்டம் மிக அழகு. உங்கள் படம் ஒன்று அனுப்பலாமா?" கேட்டதைக் கொடுப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். கண்ணில் புரை வெட்டின அன்று, கறுப்புக் கண்ணாடியும் தோளில் துவாயுமாக எடுத்த படத்தை அனுப்பினேன். இன்னும் ராணியோடு நின்றவன் அந்த இடத்திலேயே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தான். போகும்போது எழுதினான்: "அம்மம்மா, நான் சத்தியமாச் செஸ் விளையாடத்தான் வந்தனான்."

பத்தாம் நகர்வுக்குள்

கஜன் கனடாவில் கணினி வேலை செய்கிறவன். என் ஆட்டங்களையெல்லாம் ஒரு மென்பொருளில் போட்டு, என் பாணியைப் பற்றி ஒரு அறிக்கை அனுப்பினான். தொடக்கம் நன்று. இறுதியாட்டம் மிக நன்று. ஆனால் எந்த ஆட்டத்திலும் பத்தாம் நகர்வுக்குள் என் ராணியைக் கொடுத்து எதிராளியின் ராணியை வெட்டி மாற்றிவிடுகிறேன்; வெல்லக்கூடிய ஆட்டங்கள் அதனால் சமநிலையில் முடிகின்றன. "ராணி இல்லாத அமைதியான நிலைகளில் இவருக்கு இயல்பான நாட்டம்" என்று அந்த மென்பொருள் எழுதியிருந்தது. இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் விமர்சித்ததில்லை.

உண்மை வேறு. ஞாயிறு பின்னேரம் ஐந்தரை என்பது யாழ்ப்பாணம் ஆளை ஆள் பார்க்கப் புறப்படுகிற நேரம். படலையில், அதுதான் வெளிவாசல் கதவில், சைக்கிள் மணி கேட்கும். பக்கத்து வீட்டுப் பரமேஸ் முருங்கைக்காயோடு நிற்பாள். கல்யாணம் சொல்ல வந்தவர்கள் தட்டத்தோடு நிற்பார்கள். அந்தத் தட்டத்தை எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கி, இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டுத்தான் அனுப்ப வேண்டும். ராணிகள் பலகையில் நிற்கும்போது இரண்டு நிமிஷம் எழும்பிப் போனால் யோசிக்க நேரமில்லாமல், திரும்பி வந்த சூட்டில் அரசனைப் பறிகொடுப்போம். ராணிகள் இல்லாவிட்டால் தேத்தண்ணி ஊற்றிவிட்டு வந்தாலும் ஆட்டம் அங்கேயே நிற்கும். என் பாணி என்பது இவ்வளவுதான். தொலைபேசியில் இதை விளக்கினேன். கஜன் முழுவதையும் கேட்டான். பிறகு சொன்னான்: "அன்ரி, படலைக்கு ஆரையாவது போடுங்கோ. இல்லாட்டி நான் நாலாம் போர்ட்டுக்கு ஆரையாவது போடவேண்டி வரும்."

கரண்ட் போனவர்

படலைக்கு என் தங்கை சரோவைப் போட்டேன். சரோ என்னோடுதான் இருக்கிறாள். செஸ் என்பது படித்தவர்கள் சோம்பேறியாக இருப்பதற்குக் கண்டுபிடித்த வழி என்பது அவளுடைய கொள்கை. ஆனாலும் வாசலில் கதிரை போட்டு இருந்தாள். அன்று ராணியை மாற்றாமல் ஆடினேன். நல்ல நிலை. ஜெர்மனியில் இருக்கிற தமிழ்ப் பெண் ஒருவர் எதிரில். திடீரென்று அவருடைய பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது. திரையில் ஒரு பெட்டி வந்து கேட்டது: எதிராளி போய்விட்டார், வெற்றியை எடுக்கிறீர்களா, காத்திருக்கிறீர்களா?

இந்தக் கேள்வியை எங்கள் தலைமுறையிடம் கேட்கலாமா? யுத்தகால இருட்டுக்குள்ளேயே பாதி வாழ்க்கையைப் படித்து முடித்தவர்கள் நாங்கள். எதிர்வீட்டில் வெளிச்சம் போனால் அவன் தோற்றுவிட்டான் என்று யாரும் சொன்னதில்லை. லாம்பைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தோம். காத்திருந்தேன். அவருக்குக் கரண்ட் வரட்டும் என்று வைரவருக்கு நேர்த்தியும் வைத்தேன். வைரவர் கைவிடவில்லை. மனுஷி திரும்பி வந்து, ஆறுதலாக யோசித்து, என்னைத் தோற்கடித்தார். அன்றிரவு கஜன் அழைத்தான். அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "அன்ரி, ஜெர்மனியில கரண்ட் போறேல்லை. அந்த மனுசி ஓவனுக்குள்ள இருந்த கோழியைத் திருப்பிப் போட்டிட்டு வந்தது."

ராகு காலப் பயிற்சி

தோல்விக்கு நான் வைரவரைக் குறை சொல்லவில்லை. சரோ ராகுவைச் சொன்னாள். "ஞாயிற்றுக்கிழமை நாலரையிலயிருந்து ஆறு மட்டும் ராகு காலம். அதுக்குள்ள தொடங்கி வெண்டவை ஆர்?" ஆட்டத்தின் நேரத்தை மாற்ற முடியாது என்றேன். அவள் வழி கண்டுபிடித்தாள்: பயணம் போகிறவர்கள் நல்ல நேரத்தில் பையை எடுத்து வெளியே வைப்பதுபோல, நாலேகாலுக்கே நான் கணினிக்கு முன்னால் இருந்துவிட வேண்டும், இருந்தபிறகு எழும்பக்கூடாது, எழும்பினால் தொடக்கம் செல்லாது. விபூதியை முதலில் மவுஸுக்கும் பிறகு எனக்கும் பூசினாள்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக எழும்பாமல் இருக்கிற கிழவி என்ன செய்வாள்? தளத்தில் இருந்த புதிர்களைத் தீர்த்தேன். ஒவ்வொரு ஞாயிறும் தீர்த்தேன். ஐந்தரைக்கு எதிராளி கொட்டாவியோடு வரும்போது என் மூளை சுட்ட தோசைக்கல்லாக இருந்தது. அடுத்தடுத்து வென்றேன். ஒரே ஒரு தடங்கல்: பட்டம் பெற்றவர்கள் கமராவைப் போட்டுவைத்துத்தான் ஆட வேண்டும், பின்னால் யாரும் நின்று சொல்லிக்கொடுக்காமல் பார்க்க நோர்வேயில் ஒரு நடுவர் இருக்கிறார். ஆறு மணிக்குச் சரோ சாம்பிராணி கொண்டுவர, "அம்மா, வீடு எரியுது, வெளியால போங்கோ!" என்று அந்தப் பிள்ளை பதறிவிட்டது. மற்றபடி முன்னேற்றம் தெளிவு. என்ன பயிற்சி, எந்தப் புத்தகம் என்று கஜன் கேட்டான். உள்ளதைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் கேட்டான்: "கனடாவில ராகு காலம் எத்தினை மணிக்கு எண்டு சரோ அன்ரியிட்டைக் கேட்டுச் சொல்லுவியளோ?"

பூட்டிய படலை

கடைசி ஞாயிறு வந்தது. வென்றால் அடுத்த பருவமும் பலகை எனக்கு; இல்லாவிட்டால் பல் வைத்தியருக்கு. கஜன் இதை மிகவும் பணிவாகச் சொன்னான். படலையில் காவலிருந்து களைத்த சரோ, இந்த ஒருநாள் ஒருவரும் வரக்கூடாதென்று, ஒரு பெரிய ஆமைப்பூட்டை எடுத்து வெளிப்பக்கமாகப் பூட்டிவிட்டு, வேலியில் ஆள் நுழையக்கூடிய ஓட்டையான பொட்டுக்குள்ளால் குனிந்து உள்ளே வந்தாள். எங்கள் இருவருக்கும் படிப்பு இருக்கிறது, புத்தி இல்லை. எங்கள் ஒழுங்கையில் ஞாயிறு பின்னேரம் ஒரு படலை பூட்டிக் கிடந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: வீட்டில் யாரையோ ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள், திரும்பி எப்படி வருமோ தெரியாது.

கல்யாணம் சொல்ல வந்த ஒரு குடும்பம் பூட்டைக் கண்டு பரமேஸிடம் விசாரித்திருக்கிறது. பரமேஸ் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டிப் பார்த்திருக்கிறாள். சாமி அறை வாசலில் சரோ கண்ணை மூடி அழுமாப்போல முணுமுணுக்கிறாள். நான் கதிரையில் தலை சரிந்து அசையாமல் இருக்கிறேன். நான் ஒரு சிப்பாயைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். "ஐயோ, ரீச்சர்!" என்ற பரமேஸின் குரல் சந்திவரைக்கும் கேட்டிருக்கும். ஆட்கள் பொட்டுக்குள்ளால் ஒருவர் பின் ஒருவராக வந்து நிறைந்தார்கள். நான் கையை உயர்த்திக் காட்டினேன். உயிர் இருப்பது தெரிந்தும் ஒருவரும் போகவில்லை. வந்ததுக்கு என்ன ஏது என்று கேட்காமல் போவது மரியாதையில்லை. கணினிக்குள் இருந்து நடுவரின் குரல் வந்தது.

"அம்மா, உங்களுக்குப் பின்னால நிக்கிற ஆக்கள் ஆர்?"

"செத்த வீட்டுக்கு வந்தவை, தம்பி."

"ஐயோ! ஆர் செத்தது?"

"நான்தான்."

பரமேஸ் கமராவுக்குள் முகத்தை வைத்தாள். "தம்பி, நாங்கள் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை. எங்களுக்கு உது என்ன விளையாட்டு எண்டே தெரியாது." நடுவர் தீர்ப்புச் சொன்னார்: எல்லோரும் கமராவுக்குத் தெரியச் சுவரோடு இருக்க வேண்டும், ஒருவர் வாய் திறந்தாலும் அம்மாவுக்குத் தோல்வி. பரமேஸ் எல்லோரையும் இருத்தினாள். கல்யாணப் பெண்ணின் தகப்பன் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். இருமல் வந்தவர் சால்வையை வாய்க்குள் வைத்தார்.

இவர் போன அன்றும் இதே ஆட்கள் இதே சுவரோடு இப்படித்தான் இருந்தார்கள். அன்று அந்த மௌனம் என்னை மூடியது. இன்று அதற்குள் எனக்கு யோசிக்க இடம் இருந்தது. எதிராளி ராணியை நீட்டினாள், மாற்றுவோமா என்று. பழைய கை மவுஸை இறுக்கியது. காது படலைப் பக்கம் போனது. படலையில் யாரும் இல்லை. வரவேண்டியவர்கள் எல்லோரும் எனக்குப் பின்னால் இருந்தார்கள். ராணியை ஒரு கட்டம் பின்னால் எடுத்தேன். அங்கிருந்து அவள் பலகை முழுவதையும் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் எதிராளியின் அரசன் மூலைக்குள் போய்ச் சேர்ந்தான்; கடைசிப் பூட்டை என் ராணிதான் போட்டாள்.

"முடிஞ்சுதோ? இனிக் கதைக்கலாமோ?" என்று பரமேஸ் கேட்க, அடக்கி வைத்த சத்தமெல்லாம் ஒன்றாக வெடித்தது. நான் எழுந்து நின்று, இரண்டு கையாலும் தட்டத்தை வாங்கி, மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டேன். கரவெட்டியாம். சரோ எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டு முடிக்கும்போது கஜன் அழைத்தான். "அன்ரி, நாலாம் போர்ட் உங்கடைதான். ஆனா ஒவ்வொரு கிழமையும் சாகேலாது, வேறை ஏதும் யோசியுங்கோ."

யோசித்துப் பார்த்ததில், எழுபது தாண்டிய ஒருத்தி இந்தத் தொழிலில் முன்னேற மென்பொருளும் வேண்டாம் புத்தகமும் வேண்டாம், அவள் போய்விட்டாள் என்று ஊர் ஒருதரம் நம்பி, பக்கத்தில் வந்து பேசாமல் இருந்தால் போதும்.